பட்டாளத்தாரின் பேர் என்ன?

சோழவந்தானிலிருந்து ஆற்றோடு மேற்கே போனால், தேனி மாவட்டத்தில் வைகைக் கரையில் இருக்கிறது புலிமான்கோம்பை. 2006-ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கே கண்டெடுத்த நடுகற்கள் 2,000 ஆண்டுகளுக்கும் மூத்தவை. ஒன்று, கூடலூர் ஆகோளில் மாண்ட தீயன் அந்தவனுக்கு நட்டது. ஆகோள் என்றால் மாட்டு மந்தைக்காக நடக்கும் சண்டைதான். ஆனாலும் ஆளின் பேரையும் ஊரின் பேரையும் கல்லில் வெட்டி வைத்தார்கள்.

இனி 1914-க்கு வருவோம். முதல் உலகப் போருக்காக இந்தியாவிலிருந்து கடல் கடந்தவர்கள் 10 லட்சத்துக்கும் மேல். மதராஸ் சாப்பர்ஸ் படையில் நம்மவர்கள் மெசபடோமியா (இன்றைய இராக்) வரை போய்ப் பாலம் கட்டினார்கள், பாதை போட்டார்கள். அந்தப் போர்முனையில் மாண்டு, கல்லறை தெரியாமல் போன 40,000-க்கும் மேற்பட்டோருக்கு 1929-ல் பஸ்ராவில் நினைவுச் சின்னம் எழுந்தது. அதில் வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் பேர் உண்டு. இந்தியரில் அதிகாரிகளுக்கு மட்டுமே பேர். மற்றவர்கள் 'இந்தப் படையில் இத்தனை பேர்' என்ற வெறும் கணக்கு. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இந்தப் பாரபட்சத்துக்கு மன்னிப்புக் கேட்டது 2021-ல்! மந்தைச் சண்டையில் மாண்டவனுக்குக் கிடைத்த மரியாதையைச் சூரியன் மறையாத சாம்ராஜ்யம் தரவில்லை.

சாம்ராஜ்யத்தை மட்டும் சொல்லிப் பயனில்லை. நம் வீடுகளிலும் போருக்குப் போனவர் வெறும் 'பட்டாளத்துத் தாத்தா'தான். பேரைக் கேட்டால் பேரப்பிள்ளைகள் விழிக்கிறார்கள். அடுத்து வந்த இரண்டாம் உலகப் போரில் கதை இன்னும் சிக்கலானது. 1944-ல் இம்பால் முனையில் பிரிட்டிஷ் படையிலும் தமிழர், எதிரே நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்திலும் தமிழர். மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து நேதாஜியிடம் சேர்ந்த பலர் தமிழ்நாட்டைப் பார்த்ததே இல்லை.

தாத்தாவின் பேரைத் தேட, பரணில் பழைய தகரப்பெட்டி இருந்தால் இறக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை, மறுபக்கம் குதிரை வீரன் என்று ஒரு வெள்ளி மெடல் கிடைத்தால், அது முதல் போருடையது. விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: எண், பதவி, பேர், படைப்பிரிவு எல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். ஓர் அவுன்ஸ் வெள்ளி என்பதாலேயே உருக்கப்பட்ட மெடல்கள் ஏராளம். மிஞ்சியதையாவது விற்றுவிடாதீர்கள். விளிம்பில் உள்ளதை ஒரு நோட்டில் எழுதுங்கள். அவர் திரும்பி வராதவர் என்றால், அந்தப் பேரைப் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் தேடுங்கள்.