ஆழாக்கும் ராத்தலும்

இராயபுரத்தை ஒட்டி நிற்கும் ஸ்டான்லி மருத்துவமனைக்கு வடசென்னை மக்கள் இட்டு வழங்கிய பெயர் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்பதாகும். ஐதர் அலியின் படையெடுப்பை அடுத்து 1782இல் பஞ்சம் சூழ்ந்தபோது மணியக்காரர் சத்திரத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்ததன் நினைவு அது. கஞ்சி முகந்து வார்க்கும் பொருள். தராசுக்கு அங்கே வேலையில்லை.

அரிசியும் பருப்பும் தமிழர்க்கு முகத்தலளவையைச் சேர்ந்தவை. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி, அதாவது படி. புளி, வெல்லம், மிளகாய் ஆகியனவே பலத்துக்கும் வீசைக்கும் உரியன. மொழியும் இப்பிரிவினையை அறியும். உணவளித்துக் காப்பவனைப் ‘படியளப்பவன்’ என்கிறோம். ஒருவரது தகுதியை ஆராய்வதையோ ‘எடைபோடுதல்’ என்கிறோம்.

படியை எடையாக மாற்றுவது எளிதன்று. ஊருக்கு ஊர் படி வேறுபட்டது. தலைதட்டி அளப்பதும் கூம்பாகக் குவித்து அளப்பதும் ஒன்றல்ல. ஒரு படி அவல், ஒரு படி அரிசியின் எடையில் ஏறக்குறையப் பாதிதான் நிற்கும். எண்ணூரை அடுத்த அத்திப்பட்டு அளங்களின் உப்போ ஐப்பசி ஈரத்தை வாங்கிக் கனக்கும்.

இம்மாற்றம் உயிர்ப்பிரச்சினையான காலமும் உண்டு. 1876-78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சத்தில் சென்னைக் கடற்கரையில் தானிய மூட்டைகள் மலைபோல் குவிந்து கிடந்தன. 1877 தொடக்கத்தில் அரசின் சார்பில் வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதுமென வகுத்தார். மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் அதை மறுத்தார். கடின உழைப்புக்கு ஒன்றரை ராத்தலாவது வேண்டும், அதனுடன் பருப்பும் காய்கறியும் வேண்டும் என்றார். அவ்வாண்டு மார்ச்சில் மாகாண அரசு இரண்டுக்கும் நடுவே நின்று, ஒன்றேகால் ராத்தலும் சிறிது பருப்பும் என உயர்த்தியது.

இக்கணக்கை நம் அளவைக்குக் கொணர்ந்து பார்த்தல் தகும். ஆழாக்கு 168 மில்லி லிட்டர் எனக் கொண்டால் அதில் பச்சரிசி ஏறத்தாழ 138 கிராம் பிடிக்கும். ராத்தல் 454 கிராம். ஆகவே டெம்பிள் தந்தது மூன்றேகால் ஆழாக்குக்குச் சற்று மேல். மாகாண அரசு தந்தது நான்கு ஆழாக்கு, அதாவது ஓர் உரி. கார்னிஷ் கேட்டது ஏறத்தாழ ஐந்து. அறிக்கை மேல் அறிக்கையாக ஆட்சியாளர் வாதிட்டது, நாளொன்றுக்கு ஓர் உழக்கும் தேறாத அரிசியைப் பற்றித்தான்! மண்வெட்டி பிடித்தவனுக்கோ அது ஒரு வேளைச் சோறு.

விடுதலைக்குப் பின் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக் அளவைகள் வந்தன. 1958 அக்டோபரில் தொடங்கிய மாற்றம், 1962இல் கிலோகிராமைக் கட்டாயமாக்கியது. கடைத்தராசு மாறியதே தவிர நாக்கு மாறவில்லை. ஐந்தாண்டு கழித்து, 1967 தேர்தலில் தி.மு.க. மக்கள் முன் வைத்த வாக்குறுதி, ரூபாய்க்கு மூன்று படி அரிசி இலட்சியம், ஒரு படி நிச்சயம் என்பதே. கிலோவில் சொல்லியிருந்தால் அம்முழக்கம் துறைமுகத்துத் தொழிலாளியின் உலைமூடிவரை எட்டியிருக்குமா என்பது ஐயமே. வென்ற கட்சி அவ்வாண்டு மே மாதம் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி வழங்கத் தொடங்கியது. நிதிச்சுமை காரணமாகத் திட்டம் மாநிலம் முழுவதும் பரவவில்லை.