வாக்ரிபோலி

தமிழகத்தில் நரிக்குறவர், குருவிக்காரர் எனப்படும் மக்களின் தாய்மொழி வாக்ரிபோலி. இம்மக்கள் தங்களை வாக்ரி என்றே சொல்லிக்கொள்வர். ஊரார் இட்ட பெயரில் ‘குறவர்’ ஒட்டிக்கொண்டதே தவிர, குறிஞ்சிக் குறவரோடு இவர்களுக்கு மொழியுறவு கிடையாது. தமிழும் தெலுங்கும் சூழ வழங்கும் இம்மொழி இந்தோ-ஆரியக் குடும்பத்தது, குசராத்திக்கு நெருங்கியது. மரபான எழுத்து இதற்கு இல்லை.

வகைப்பாடு

எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ தொகுதிகளில் குருவிக்காரரை மராத்தி பேசுவோர் என்று எழுதினார். சிவாஜியின் படையோடு தெற்கே வந்தவர்கள் என்ற வாய்மொழிக் கதையும் அதற்குத் துணையாயிற்று. கதை சுவையானது, மொழி அதற்குச் சான்று சொல்லவில்லை. ஒதுங்கி வழங்கும் மொழிகளுக்கு இவ்வாறு நேர்வதுண்டு. வோல்கா ஆற்றுப்பகுதியின் சுவாசு மொழியையும் தொடக்கத்தில் பின்னிய மொழிகளோடு சேர்த்தனர். துருக்கியக் குடும்பத்தின் ஓகுர் கிளையில் எஞ்சிய ஒரே மொழி அது என்பது பின்னரே உறுதியாயிற்று.

வாக்ரிபோலியின் வழக்கு தீர்ந்தது சிதம்பரத்தில். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மொழியியலாளர் சீனிவாச வர்மா இம்மொழியை ஆராய்ந்து எழுதிய நூலைப் பல்கலைக்கழகம் 1970இல் வெளியிட்டது. இது இந்தோ-ஆரிய மொழி என்பதை நூலின் தலைப்பிலேயே அவர் பொறித்துவிட்டார். நடராசர் கோயில் தேரோட்டத்தில் ஊசிமணி பாசிமணி விற்கும் வாக்ரிகளின் பேச்சு, கூப்பிடு தூரத்தில் இருந்த மொழியியல் துறைக்கு ஆய்வுப்பொருளானது பொருத்தமே.

சமூகம்

தெய்வத்துக்கு எருமை பலியிடுவோர், ஆடு பலியிடுவோர் என வாக்ரிகள் இரு பிரிவினர். ஒரே பிரிவுக்குள் மணம் இல்லை. அம்மனின் ஆடைகளைக் கட்டிவைத்த சாமி மூட்டை குடும்பத்தின் தலையாய உடைமை. அயலார் அதைத் தொடலாகாது. வேட்டையே பழைய தொழில். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதை முடக்கியபின் மணி கோத்து விற்பது முதன்மைப் பிழைப்பாயிற்று.

இன்றைய நிலை

வீட்டில் வாக்ரிபோலி, வெளியில் தமிழ் என இருமொழி வழக்கு நிலவுகிறது. பள்ளியில் இம்மொழிக்கு இடமில்லை. வாக்ரிகளைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்குமாறு, அப்பட்டியலைத் திருத்துவதற்கான லோக்கூர் குழு 1965இல் பரிந்துரைத்தும், அதற்கான சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2022 டிசம்பரில்தான்.