புறநானூற்று மடுவும் பரிபாடல் வையையும்: சங்கப் புனலாடல் குறித்து ஒரு மறுநோக்கு

சங்க காலப் புனலாடலைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் பரிபாடலையே முதற்சான்றாகக் கொண்டனர். உ.வே.சாமிநாதையர் 1918இல் பதிப்பித்த அந்நூலில், முழுமையாகக் கிடைக்கும் 22 பாடல்களுள் 8 வையைக்குரியவை. மதுரை மாந்தர் யானையிலும் குதிரையிலும் புதுப்புனல் நோக்கி விரைவதும், நீர்த்துறையில் தலைவியும் பரத்தையும் பூசலிடுவதும் அவற்றுள் விரிவாகப் பேசப்படுகின்றன. இதனால் புனலாடல் என்பது செல்வர்தம் இன்ப விளையாட்டு என்னும் கருத்து நிலைபெற்றுவிட்டது. பரிபாடலே இக்கருத்துக்கு முற்றும் இடந்தருவதன்று. சாந்தும் பூவும் கலந்து வந்த வெள்ளத்தைக் கண்டு அந்தணர் கலங்கி நின்றதை அதன் 6ஆம் பாடல் குறிக்கிறது. துறை எல்லார்க்கும் பொது என்பதனாலேயே அக்கலக்கம் எழுகிறது.

புறநானூற்றின் 243ஆம் பாடலில் விழாவும் இல்லை, ஊர்தியும் இல்லை. மணலிற் பாவை செய்து பூச்சூட்டி, மகளிரொடு கைகோத்து நீராடிய இளைஞன், ஒளிவுமறைவு அறியாத தோழர் சூழ, நீர்மேல் தாழ்ந்த மருதக்கிளையில் ஏறுகிறான். கரையில் நிற்போர் வியக்க ஆழ்மடுவிற் குதித்து, அடிமணலை அள்ளி வருகிறான். அம்மணல் வெறும் விளையாட்டுப் பொருளன்று. அடிதொட்டதற்குக் கரையிலிருப்போர் ஏற்கும் சான்று அதுவே. இதனை நினைவுகூர்பவரோ இருமலிடையே சில சொற்களே பேச இயலும் முதியவர். அவர்தம் இயற்பெயர் கிட்டவில்லை. ஊன்றிய தண்டைக் குறித்த தொடரே தொடித்தலை விழுத்தண்டினார் எனப் பெயராயிற்று.

இப்பாடலைப் பொதுவியல் திணையில் கையறுநிலைத் துறையாக வகுத்துள்ளனர். தலைவன் மாய்ந்தவழி இரங்கும் துறை அது. இங்கு மாய்ந்த தலைவன் எவனும் இல்லை. இளமை இறந்தமைக்கு இரங்கியது என்பர். மருதமும் மடுவும் தோழரும் கரைநின்ற ஊராரும் கூடியதே அவ்விளமை என்பதையும் உடன் எண்ணவேண்டும்.

நீரின் கொடுமையை அக்காலத்தார் மறந்தாரல்லர். கழாரில் ஆட்டனத்தியைக் காவிரி கவர்ந்து சென்றது, ஆதிமந்தி தேடியலைந்தாள். கலித்தொகை 39இல் கடும்புனலில் தளர்ந்த தலைவியைத் தலைவன் பாய்ந்து மீட்கிறான். அதனைத் தோழி எடுத்துரைக்க, சினந்த தமையன்மார் தணிந்து மணத்திற்கு உடன்படுகின்றனர். பின்வந்த இலக்கண மரபு இதனைப் புனல்தரு புணர்ச்சி என்று தனியே பெயரிட்டது. ஆற்றில் நிகழ்ந்த ஓர் இடர் இவ்வாறு உறவுமுறைக்கே வழக்காயிற்று.

வையையின் ஓட்டம் பிற்காலத்தில் பெரிதும் மாறியது. 1895இல் நிறைவுற்ற பெரியாறு அணை மேற்குநோக்கிய நீரை அதற்குத் திருப்பியது. 1959இல் வைகை அணை பயன்பாட்டுக்கு வந்தது. அழகர் ஆற்றில் இறங்கும் சித்திரை விழாவிற்கு அவ்வணையிலிருந்தே நீர் திறந்துவிடப்படுகிறது.