மார்ச் 24: காக் திறந்த கதவும் பூட்டிய ஊரும்

மார்ச் 24-ன்னு சொன்னா இப்போ எல்லாருக்கும் ஊரடங்குதான் ஞாபகம் வரும். 2020-ல் அன்னிக்கு சாயங்காலம் 6 மணிக்கு தமிழ்நாட்டில் 144. ராத்திரி 8 மணிக்கு நாடு முழுக்க ஊரடங்கு அறிவிப்பு. ஆனா அந்தத் தேதிக்கு இன்னொரு சரித்திரமும் உண்டு. 1882-ல் அதே நாளில்தான் ராபர்ட் காக், காசநோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடிச்சதா பெர்லினில் அறிவித்தார். அதனாலதான் அது உலக காசநோய் தினம்.

சிகிச்சைக்கும் நம்ம சென்னைக்கும் சம்பந்தம் உண்டு. 1956-ல் இங்கே ஆரம்பிச்ச ஆராய்ச்சி, சானடோரியத்தில் படுக்கவேண்டாம், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் குணமாகும்னு 1959-லேயே நிரூபிச்சது. சரி, மருந்து வீட்டுக்கு வந்துடுச்சு. டெஸ்ட்?

அங்கேதான் சிக்கல். ரெண்டு வாரத்துக்கு மேல இருமினா சளிப் பரிசோதனை செய்யணும். எங்க தர்மபுரி மாவட்டத்தில் சித்தேரி மலையிலிருந்து ஒருத்தர் அரூருக்கு இறங்கி வரணும்னா பஸ் வேணும். 2020 ஜூன் 1 வரைக்கும் பஸ்ஸே ஓடலை. ஜூலையில் மறுபடி நின்னு, செப்டம்பரில்தான் ஓடுச்சு. டி.பி.க்காக வாங்கின ட்ரூநாட் மெஷின்களை நாடு முழுக்க கொரோனா பரிசோதனைக்கும் பயன்படுத்தினாங்க. டி.பி. ஊழியர்கள் பலரும் கொரோனா டியூட்டிக்குப் போனாங்க.

இதையெல்லாம் விடப் பெரிய தடை பயம். வாசலில் தகரம் அடிச்ச காலம் அது. இருமலை வெளியே சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும், சொல்லுங்க?

இப்போ கணக்கைப் பாருங்க. இந்தியாவில் 2019-ல் பதிவான டி.பி. நோயாளிகள் சுமார் 24 லட்சம். 2020-ல் 18 லட்சம். நோய் குறைஞ்சிடுச்சா? முகக்கவசத்தால் தொற்று கொஞ்சம் குறைஞ்சிருக்கலாம். ஆனா டி.பி. தொற்றி, நோயாகத் தலைகாட்ட மாசங்கள், சிலருக்கு வருஷங்கள்கூட ஆகும். ஒரே வருஷத்தில் 6 லட்சம் பேர் குறைய வாய்ப்பில்லை. குறைஞ்சது நோயில்லை, கண்டுபிடிப்பு. உலக அளவிலும் 71 லட்சம் 58 லட்சமாச்சு. பத்து வருஷத்துக்கும் மேலா குறைஞ்சுகிட்டே வந்த டி.பி. சாவு, அந்த வருஷம் ஏறுச்சு.

2022-ல் இந்தியாவின் பதிவு மறுபடி 24 லட்சத்தைத் தாண்டிச்சு. ஆனா நடுவில் கண்டுபிடிக்கப்படாம வீட்டிலேயே இருமினவங்க, கூட இருந்தவங்களுக்கும் கொடுத்திருப்பாங்க இல்லையா?

அடுத்த கொள்ளைநோய் வந்தா ஒண்ணு மட்டும் மறக்கக்கூடாதுன்னு நினைக்கிறேன். ஆள் வரமுடியலைன்னா, அவரோட சளி டப்பாவாவது லேபுக்கு வந்து சேரணும்.