பாம்பன் தூக்குப் பாலத்தின் கோபுரங்கள்

பாம்பன் நீரிணையின் நடுவே 34 மீட்டர் உயரத்தில் இரண்டு எஃகுக் கோபுரங்கள் நிற்கின்றன. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய ரயில் பாலத்தின் உறுப்புகள் இவை. இவற்றின் உச்சியில் உள்ள கப்பிகளின் மீது எஃகு வடங்கள் ஓடுகின்றன. அந்த வடங்களில் 72.5 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 660 டன் எடையும் கொண்ட ஒரு பாலத் துண்டு கட்டப்பட்டுள்ளது. கப்பலோ பெரிய படகோ கடக்க வேண்டும் என்றால் அத்துண்டு அப்படியே 17 மீட்டர் மேலே ஏறுகிறது. போன பிறகு இறங்குகிறது.

இராமநாதபுரம் மாவட்டத்தில் ரோப் கார் எதுவும் இல்லை. தட்டையான மணல் நிலத்தில் அதற்குத் தேவையும் ஏற்படவில்லை. இராமேசுவரம் தீவின் உயர்ந்த இடமான கந்தமாதன பர்வதமே ஒரு மணல் மேடுதான். ஆயினும் வடத்தைத் தாங்கும் கோபுரம் என்ற அளவில் பழனி மலையில் நிற்பதும் பாம்பன் கடலில் நிற்பதும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. மக்களின் பார்வை வடத்தின் மீதும் அதில் தொங்கும் பெட்டியின் மீதும்தான் இருக்கும். சுமை போய்ச் சேரும் இடமோ கோபுரம்.

கமலை கற்றுத்தரும் கணக்கு

இப்பகுதியின் முதியவர்கள் கமலை இறைத்ததைப் பார்த்திருப்பார்கள். கிணற்றின் விளிம்பில் இரண்டு கால்கள், அவற்றுக்கிடையே ஓர் உருளை, உருளையின் மீது வடக்கயிறு. கயிற்றின் ஒரு முனையில் நீர் நிறைந்த சால், மறுமுனையில் மாடுகள். சாலின் எடை மட்டும்தான் அந்தக் கால்களின் மீது இறங்குகிறது என்று தோன்றும். உண்மை அதுவன்று. சால் ஒரு பக்கம் இழுக்க, அதற்கு ஈடாக மாடுகள் மறுபக்கம் இழுக்கின்றன. உருளையைத் தாங்கும் கால்கள் இரண்டு இழுப்பையும் சேர்த்தே தாங்க வேண்டும்.

கயிறு எவ்வளவு வளைகிறதோ அவ்வளவு சுமை கூடும். உருளையைத் தொட்டும் தொடாமலும் நேராகச் செல்லும் கயிறு அதைச் சிறிதளவே அழுத்தும். ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் செங்குத்தாக இறங்கும் கயிறு, தன் இழுவிசையைப் போல் இரு மடங்கு விசையால் அழுத்தும். ரோப் கார்களின் இடைக் கோபுரங்கள் முதல் வகை. வடம் அவற்றின் மீது இலேசாக மடிந்து செல்கிறது, அவ்வளவே. பள்ளமான இடங்களில் வடம் மேல்நோக்கி எழும்பப் பார்க்கும். அங்கே கோபுரத்தின் வேலை அதைத் தாங்குவதன்று, கீழே அமுக்கிப் பிடிப்பது. அத்தகைய கோபுரத்தின் அடித்தளம் மண்ணுக்குள் அமிழாமல் இருந்தால் போதாது, மண்ணிலிருந்து பிடுங்கப்படாமலும் இருக்க வேண்டும்.

பாம்பன் கோபுரங்கள் இரண்டாம் வகை. வடம் கப்பியின் மீது ஏறி மறுபக்கம் செங்குத்தாகவே இறங்குகிறது. ஒரு முனையில் பாலத் துண்டு, மறுமுனையில் அதற்கு ஏறக்குறைய சமமான எதிர் எடை. பாலத் துண்டின் பாதி எடையான சுமார் 330 டன் ஒரு கோபுரத்துக்கு வருகிறது. அதனைச் சமன்செய்யும் எதிர் எடையும் ஏறத்தாழ அவ்வளவே. ஆக, பாலத் துண்டு மேலே எழுந்து நிற்கும்போது ஒவ்வொரு கோபுரமும் கிட்டத்தட்ட முழுப் பாலத் துண்டின் எடையைச் சுமக்கிறது. தூக்கும் மின்மோட்டாருக்கோ வேலை மிகக் குறைவு. இருபுறமும் சமன்பட்ட தராசை அசைக்கும் அளவு வலிமையும் உராய்வை வெல்லும் வலிமையும் போதும். மோட்டாரின் பாரத்தைக் குறைத்து அதைக் கோபுரத்தின் தலையில் வைப்பதே இந்த ஏற்பாடு.

மரக் கம்பத்திலிருந்து எஃகுக் கோபுரம் வரை

பல தாங்கிகளின் மீது ஓடிய முதல் வட ஊர்தியாக ஐரோப்பாவில் குறிப்பிடப்படுவது, 1644இல் டான்சிக் நகரில் (இன்றைய போலந்தின் கதான்ஸ்க்) ஆடம் வைபே என்ற பொறியாளர் அமைத்தது. கோட்டை கட்ட மண் சுமந்த அந்த வழியில் சணல் கயிறும் மரக் கம்பங்களும்தான் இருந்தன. 1834இல் ஜெர்மனியின் ஹார்ஸ் மலைச் சுரங்கங்களில் வில்கெல்ம் ஆல்பர்ட் இரும்புக் கம்பிகளை முறுக்கி வடம் செய்தார். வடம் வலுத்ததால் கம்பங்களுக்கு இடையே தூரம் கூடிற்று; தூரம் கூடியதால் ஒவ்வொரு கம்பத்தின் மீதும் சுமை கூடிற்று; மரம் போய் இரும்புக் கோபுரம் வந்தது.

தமிழ்நாட்டு எல்லைக்கு இது தேயிலையோடு வந்தது. மூணாறு பகுதித் தேயிலைப் பெட்டிகள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்கு வடவழியாக இறக்கப்பட்டு, மாட்டு வண்டியில் போடிநாயக்கனூர் சென்று, பிறகு தூத்துக்குடித் துறைமுகத்தை அடைந்தன. இன்று அங்கே எஞ்சியிருப்பவை சிதைவுகளே.

பழனியில் 1966இல் தண்டவாளத்தின் மீது வடத்தால் இழுக்கப்படும் வின்ச் வந்தது. 2004இல் ரோப் கார் வந்தது. 2024இல் சோளிங்கரிலும் ரோப் கார் தொடங்கியது. பழனிக்குச் செல்லும் அடியார்கள் நன்கறிந்த ஒன்று உண்டு: பலத்த காற்று வீசினால் ரோப் கார் நிற்கும், பராமரிப்புக்காக ஆண்டுதோறும் பல நாட்கள் மூடப்படும். அந்நாட்களில் வடம், கப்பி, அச்சு, கோபுரம் எல்லாம் சோதிக்கப்படும். வரிசையில் நிற்பவர்கள் அலுத்துக்கொள்வது இயல்புதான். ஆனால் அந்த மூடல் வண்டி ஓடுவதற்கான விலை.

1914: கோபுரம் வேண்டாம் என்ற முடிவு

பாம்பனின் முதல் ரயில் பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளம். கடலுக்குள் 145 தூண்கள். கப்பல்களுக்கு வழிவிட நடுவில் திறக்கும் பகுதியை இங்கிலாந்தின் ஹெட் ரைட்சன் நிறுவனம் செய்து அனுப்பியது. அமெரிக்கரான வில்லியம் டொனால்ட் ஷெர்சர் கண்டுபிடித்த முறையில் அது அமைந்தது. (இவரை ஜெர்மானியர் என்று எழுதுவோர் பலர். அது தவறு.)

ஷெர்சர் முறையில் வடமும் இல்லை, கோபுரமும் இல்லை. பாலத்தின் இரு பாதிகளும் பின்புறம் பிறை வடிவில் வளைந்திருக்கும். ஊஞ்சல் நாற்காலி பின்னால் சாய்வதுபோல் ஒவ்வொரு பாதியும் பின்னோக்கி உருண்டு, முன்பகுதி வானை நோக்கி எழும். வாலில் உள்ள எதிர் எடை அதற்குத் துணை. ஊழியர்கள் இரு பக்கமும் நின்று நெம்புகோல்களைக் கையால் சுற்றியே ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இதைத் திறந்தார்கள். சுமை எந்த இடைத்தரகரும் இன்றி நேராகக் கடல் தூணில் இறங்கியது.

இதில் ஒரு வரலாற்றுச் சுவை உண்டு. வடமும் கோபுரமும் கொண்ட நவீனச் செங்குத்துத் தூக்குப் பாலம், ஜே. ஏ. எல். வாடல் வடிவமைப்பில் 1894இல் சிகாகோவின் ஹால்ஸ்டெட் தெருவில் எழுந்தது. ஷெர்சர் முறையின் முதல் பாலங்கள் மறு ஆண்டே அதே சிகாகோவில், அதே ஆற்றின் மீது வந்தன. ஷெர்சர் அவற்றைக் காணாமல் 1893இலேயே இறந்துவிட்டார். ஆக, 1914இல் பாம்பனுக்குப் பொறியாளர்கள் முடிவெடுத்தபோது இரண்டு முறைகளும் உலகுக்குத் தெரிந்தவையே. புயல் கடலில் உயர்ந்த கோபுரமும் ஆண்டுக்கணக்கில் உப்புக்காற்றில் நனையும் வடமும் இல்லாத முறையைப் பெற்றது பாம்பனுக்கு நன்மையாகவே முடிந்தது.

1964 டிசம்பர் 22 இரவில் அதற்குச் சான்று கிடைத்தது. தனுஷ்கோடியை அழித்த அப்புயல், பாலத்தின் 126 கர்டர்களை அடித்துச் சென்றது. ஷெர்சர் பகுதி தப்பியது. தூண்களிலும் பெரும்பாலானவை நின்றன. இளம் பொறியாளரான இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் பாலம் மீண்டதற்கு, கடலில் மூழ்கிய கர்டர்களைத் தேடியெடுத்த உழைப்பைப் போலவே அந்தத் தூண்களும் காரணம். அவற்றையும் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தால் 46 நாள் என்ற பேச்சுக்கே இடமிருந்திருக்காது.

2025: கோபுரங்கள் வந்த கதை

புயலை வென்ற பாலத்தைத் துரு வென்றது. 2022 டிசம்பரில் தூக்குப் பகுதியின் பலவீனம் காரணமாக ரயில்கள் நிறுத்தப்பட்டன. அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக, இராமேசுவரம் செல்வோர் மண்டபத்திலோ இராமநாதபுரத்திலோ இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டியிருந்தது. தீவுக்குள் ரயில் வராத அந்தக் காலத்தில் யாத்திரைப் பயணிகளை நம்பிய சிறு வணிகர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று.

புதிய பாலத்தின் பணியை ரயில் விகாஸ் நிகாம் நிறுவனம் 2020இல் தொடங்கியது. கடலுக்கடியில் 333 பைல்கள் இறக்கப்பட்டன. 18.3 மீட்டர் நீளமுள்ள 99 கண்களும் தூக்குப் பகுதி ஒன்றுமாக மொத்தம் 100 கண்கள். தூண்கள் இரட்டைப் பாதைக்கு ஏற்றவை. இப்போதைக்குப் பாதை ஒன்றுதான். இம்முறை ஷெர்சரை விட்டு வாடலின் வழிக்கு வந்ததற்குக் காரணங்கள் தெளிவு: திறப்பு ஒரே துண்டாக, மின்மோட்டாரால், சில நிமிடங்களில் நடக்கிறது; நடுவில் பிளவுபட்டுப் பூட்டப்படும் இணைப்பு இல்லை; மின்மயமான பாதைக்கும் ஏற்றது.

ஆனால் 1914இல் இல்லாத சில பொறுப்புகளை இக்கோபுரங்கள் கொண்டுவந்துள்ளன. பாலத் துண்டின் இரு முனைகளும் சம அளவில் ஏற வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் துண்டு சாய்ந்து வழித்தடத்தில் சிக்கும். மேலே தூக்கிய நிலையில் அது காற்றுக்குப் பாய் விரித்ததுபோல் நிற்கும். அந்தத் தள்ளுவிசை உச்சியில் பட்டு, கோபுரத்தின் அடியைப் பெயர்க்கப் பார்க்கும். கோபுரங்கள் சட்டங்களால் பின்னிய கூடுகளாக அமைந்திருப்பதால் காற்றில் ஒரு பகுதி ஊடே புகுந்து போகிறது. மேலும் வடங்கள் உள்ளன. முறுக்கிய கம்பிகளுக்கிடையே உப்பு ஈரம் புகுந்தால் துரு உள்ளிருந்து தொடங்கும். வெளியே மசகு பூசியிருப்பதைப் பார்த்து மட்டும் வடம் நலம் என்று சொல்லிவிட முடியாது.

துருவைத் தடுக்கத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்சேன் வண்ணப்பூச்சும் பற்றவைத்த இணைப்புகளும் பயன்படுத்தப்பட்டதாக ரயில்வே அறிவித்தது. பராமரிப்பின்றி 38 ஆண்டுகள், சிறிதளவு பராமரிப்புடன் 58 ஆண்டுகள் என்பது அந்தப் பூச்சு முறைக்கு அது சொன்ன கணக்கு. எனினும் 2024 நவம்பரில் பாலத்தைச் சோதித்த ரயில் பாதுகாப்பு ஆணையர், திறப்பதற்கு முன்பே சில இடங்களில் அரிப்பு தொடங்கியிருப்பதைக் குறிப்பிட்டார். வடிவமைப்புக்கு ஒப்புதல் பெற்ற நடைமுறை குறித்தும் கேள்வி எழுப்பினார். அறிவிப்பையும் ஆணையரின் குறிப்பையும் அருகருகே வைத்துப் படிப்பவர்களுக்குக் கணக்கைவிடக் கடல்தான் நம்பத்தக்கதாகத் தோன்றும். அதே ஆணையர்தான் ரயில்கள் ஓட அனுமதியும் அளித்தார். பாலத்தின் மற்றக் கண்களில் மணிக்கு 75 கிலோமீட்டர் வரை செல்லலாம். இரண்டு கோபுரங்களுக்கும் இடைப்பட்ட தூக்குப் பகுதியில் மட்டும் 50 கிலோமீட்டருக்கு மேல் செல்லக்கூடாது.