வாளிக்குள் ஒரு கூழ்மம்

1861இல் லண்டனில் தாமஸ் கிரஹாம் என்ற வேதியியலாளர் கரையும் பொருட்களை இரண்டு சாதியாகப் பிரித்தார். உப்பும் சீனியும் நீரோடு சேர்ந்து பார்ச்மென்ட் தாளை ஊடுருவிப் போய்விடும். பிசினும் ஜெலட்டினும் இந்தப் பக்கமே நின்றுவிடும். நின்றுவிட்டதற்கு, பசையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'கொலாய்டு' என்று பெயர் வைத்தார். தமிழில் அது கூழ்மம் ஆனது. எனக்கு இந்தச் சொல் பிடிக்கும். பசையைவிட கூழ் நமக்கு நெருக்கம்தானே.

பிரிப்பது துகளின் அளவுதான் என்று பிறகு தெரிந்தது. 1 நானோமீட்டருக்குக் கீழே என்றால் உண்மைக் கரைசல், 1 முதல் 1000 வரை கூழ்மம், அதற்கும் பெரிதென்றால் தொங்கல்.

இதையெல்லாம் நான் படித்தது மலாயிலும் ஆங்கிலத்திலும்தான். தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடுகிறது. ஆனால் மலாயா ரப்பர் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் தினமும் சுமந்தது ஒரு கூழ்மத்தை. அவர்கள் வைத்த பெயர் பால்.

அந்த வாளியில் மூன்றுமே உண்டு. சர்க்கரையும் உப்புகளும் கரைந்த நீர், உண்மைக் கரைசல். அதில் பரவி நிற்கும் ரப்பர் துகள்கள், கூழ்மம். விழுந்த மண்ணும் பட்டைத் துணுக்கும் தொங்கல். ஸ்டோரில் சல்லடையோடு அதன் கதை முடிந்தது. ரப்பர் துகளைச் சுற்றி ஒரு புரதப் படலம், அதில் எதிர் மின்னூட்டம். அதனால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். அமிலம் ஊற்றினால் தள்ளுவது அடங்கி, பால் உறைந்துவிடும். அமேசானில் புகை காட்டி உறைய வைத்தார்கள். அசிட்டிக் அமிலம் போதும் என்று 1899இல் இலங்கையிலிருந்து எழுதியவர் ஜான் பார்க்கின். எதுவும் ஊற்றாமல் விட்டாலும் நுண்ணுயிர்களே அமிலம் உண்டாக்கி அதைக் கட்டிப்பாலாக்கிவிடும். வெட்டுக் கோட்டில் காய்ந்து ஒட்டுவது ஒட்டுப்பால். பாடநூல் ஒரே சொல்லில் முடித்துவிடும் இடத்தில் தோட்டத்தில் இரண்டு சொல்! இரண்டுக்குமே பாலின் விலை கிடைக்காது.

இன்னொரு பாடநூல் சொல், செறிவு. இதில்தான் கூலி இருந்தது. பாலில் ரப்பர் ஏறக்குறைய 30 முதல் 40 விழுக்காடு, மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். காய்ந்த ரப்பரின் எடைக்குக் கூலி என்றால், தண்ணீருக்கு யார் காசு கொடுப்பார்கள்? ஆகவே மெட்ரோலாக் என்ற மிதவையைப் பாலில் இறக்குவார்கள். ரப்பர் தண்ணீரைவிட லேசு. ரப்பர் கூடக்கூட மிதவை இன்னும் ஆழமாக இறங்கும். மங்கில் மழைத்தண்ணீர் விழுந்திருந்தால் மேலே ஏறி நிற்கும். கிராணி அளவைப் பார்ப்பார், கணக்குப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார், அவ்வளவுதான்.

ஓர் எஞ்சினியராக எனக்கு அந்த எண்மேல் முழு நம்பிக்கை இல்லை. மிதவைக்குத் தெரிந்தது அடர்த்தி மட்டும். வெயிலில் பால் சூடானாலும், கரைந்திருக்கும் சர்க்கரையும் உப்பும் கூடக்குறைய இருந்தாலும் எண் ஆடும். கொஞ்சம் பாலை உறையவைத்து, காயவைத்து, நிறுத்துப் பார்த்தால் சரியான கணக்கு வரும். அதுக்கு மணிக்கணக்காகும். வெட்டியவர்கள் வாளியோடு வரிசையில் நிற்கிறார்கள்.