கரண்டி யார் கையில்?
கட்டடத் தொழிலில் ஆள் சேர்த்த வரலாறு – பிலடெல்பியாவும் நாமும்

நம்மில் பலர் குடியிருக்கும் அடுக்குமாடிக்குப் பக்கத்தில் எப்போதும் ஏதாவது ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டுதான் இருக்கிறது. காபி டம்ளரோடு பால்கனியில் நின்று பத்து நிமிடம் கவனித்துப் பாருங்கள். தலையில் சும்மாடு வைத்துக் கலவைச் சட்டியைச் சுமந்து மேலே ஏறுபவர் பெரும்பாலும் பெண்ணாக இருப்பார். தூக்குக்குண்டு விட்டு, கரண்டியால் செங்கல்லைத் தட்டி வரிசை பார்ப்பவர் ஆணாக இருப்பார். அந்தப் பெண்ணுக்கு நம் ஊரில் சித்தாள் என்று பெயர். வடக்கே ரேஜா என்கிறார்கள். அந்த ஆண் நம் ஊரில் கொத்தனார், இங்கே மிஸ்திரி.

இருபது வருஷம் சட்டி சுமந்த பெண் ஏன் ஒரு நாளும் கொத்தனார் ஆவதில்லை? மேஸ்திரியைக் கேட்டால், "வழக்கமே இப்படித்தாங்க, அவங்களுக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது" என்பார். இந்தப் பதில் நமக்கு மட்டும் சொந்தமானதல்ல. அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கும் ஏறத்தாழ இதே பதில்தான் பல காலம் சொல்லப்பட்டது. அங்கே அது எப்படிக் கேள்விக்கு உள்ளாயிற்று, அதிலிருந்து நாம் அறிய வேண்டியது என்ன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பூட்டிய கதவு

அமெரிக்கப் பெருநகரங்களில் கட்டட வேலைக்கு ஒப்பந்ததாரர் நேராக ஆள் எடுப்பது குறைவு. அந்தந்தக் கைத்தொழிலின் சங்கத்திடம் "இத்தனை பேர் வேண்டும்" என்று சொல்வார். சங்கம் அனுப்பி வைக்கும். ஆகவே சங்கத்தில் இடம் கிடைத்தால்தான் வேலை. சங்கத்தில் சேரவோ, பயிற்சியாளராகவோ பெரும்பாலும் உள்ளே இருக்கும் ஒருவரின் சிபாரிசு தேவைப்பட்டது. நியூ ஆர்லியன்ஸ் நகரின் ஒரு சங்கத்தில், உறுப்பினர்களின் மகன்களையும் நெருங்கிய உறவினரையும் மட்டுமே புதிதாகச் சேர்ப்பது என்றே விதி இருந்தது. உறுப்பினர் அனைவரும் வெள்ளையராக இருக்கும்போது, "கறுப்பர் வேண்டாம்" என்று யாரும் வாய் திறந்து சொல்லத் தேவையே இல்லை. இவ்விதி செல்லாது என்று 1969-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். நம் தாத்தாவோ அப்பாவோ டிரங்குப் பெட்டியோடு ரயிலில் வந்து இறங்கி, ஊர்க்காரர் ஒருவர் வீட்டில் தங்கி, அவர் சொல்லித்தானே முதல் வேலையில் சேர்ந்தார்கள்? அந்தச் சிபாரிசு நமக்கு வாழ்வு தந்தது. அதைக் குறை சொல்ல மனம் வராது. ஆனால் சிபாரிசு ஒன்றே வழியாகிவிட்டால், சொல்ல ஆள் இல்லாதவன் வாசலிலேயே நின்றுவிடுவான். பிலடெல்பியாவில் நடந்தது அதுதான்.

1963 மே மாதம், அந்நகரில் கறுப்பினத்தவர் வாழும் பகுதியில் ஒரு பள்ளிக்கூடம் கட்டப்பட்டு வந்தது. "எங்கள் பிள்ளைகள் படிக்கப் போகும் பள்ளி; அதைக் கட்டும் கைத்தொழிலாளரில் எங்கள் ஆட்கள் எங்கே?" என்பதே அங்கு மறியல் செய்தவர்களின் கேள்வி. அடுத்த மாதமே, அரசு உதவி பெறும் கட்டுமானப் பணிகளிலும் இனப் பாகுபாடு கூடாது என்று குடியரசுத் தலைவர் கென்னடி ஆணையிட்டார். 1965-இல் ஜான்சன் பிறப்பித்த 11246-ஆம் எண் ஆணை, பாகுபாடு காட்டாமல் இருந்தால் மட்டும் போதாது, சமவாய்ப்பு கிடைக்க ஒப்பந்ததாரர் முனைந்து செயல்படவும் வேண்டும் என்றது.

1969-ஆம் ஆண்டுத் திட்டம்

ஆணைகள் காகிதத்தில் இருந்தன; வேலையிடத்தில் மாற்றம் அதிகமில்லை. 1967-இல் பிலடெல்பியாவுக்கென வகுத்த முதல் திட்டம், அரசின் தலைமைத் தணிக்கையாளர் 1968-இல் தெரிவித்த ஆட்சேபத்தால் நின்றுபோயிற்று. நிக்சன் ஆட்சியில் தொழிலாளர் துறைத் துணைச் செயலராக வந்த ஆர்தர் பிளெட்சர் 1969 ஜூனில் அதைத் திருத்தி மீண்டும் கொண்டுவந்தார். அவரே கறுப்பினத்தவர், ஒரு காலத்தில் அமெரிக்கக் கால்பந்து வீரராக இருந்தவர்.

இத்திட்டம் ஆறு கைத்தொழில்களைக் குறிவைத்தது: இரும்புச் சட்டம் அமைப்போர், குழாய் வேலை செய்வோர், நீராவிக் குழாய் பொருத்துவோர், தகட்டு வேலையினர், மின்பணியாளர், லிப்ட் அமைப்போர். ஏன் இந்த ஆறு மட்டும்? பிலடெல்பியா வட்டாரக் கட்டடத் தொழிலை மொத்தமாகப் பார்த்தால் சிறுபான்மையினர் ஏறத்தாழ 30 சதவீதம். இந்த ஆறு கைத்தொழில்களிலோ அவர்கள் சுமார் 1 சதவீதம்தான்! அதாவது மண் வெட்டவும் சுமக்கவும் அவர்கள் வேண்டும். நல்ல கூலி தரும் கைத்தொழிலுக்கு வேண்டாம். நம் சித்தாளின் கதையும் இதுதானே?

"தகுதியான ஆள் கிடைக்கவில்லை" என்ற சமாதானமும் விசாரணையில் நிற்கவில்லை. உடனே வேலைக்கு வரக்கூடிய சிறுபான்மைக் கைத்தொழிலாளர் 1,200 முதல் 1,400 பேர் வரை இருப்பதாகத் தெரியவந்தது.

திட்டத்தின் செயல்முறை எளியது. 5 லட்சம் டாலருக்கு மேற்பட்ட அரசுசார் கட்டட ஒப்பந்தம் வேண்டுமென்றால், எத்தனை சிறுபான்மையினரை எடுப்போம் என்ற இலக்கை ஒப்பந்ததாரர் முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். இரும்புச் சட்ட வேலைக்கு 1970-இல் 5 முதல் 9 சதவீதம் என்று தொடங்கி, 1973-இல் 22 முதல் 26 சதவீதம் வரை இலக்கு வைக்கப்பட்டது. இலக்கை எட்ட முடியாவிட்டாலும், மனப்பூர்வமாக முயன்றதை நிரூபித்தால் தண்டனை இல்லை.

எதிர்ப்பும் விளைவும்

சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. இலக்கு என்பது மறைமுகமான ஒதுக்கீடு, 1964-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்துக்கு அதுவே முரண் என்பது அவர்கள் வாதம். அதை அப்படியே தள்ளிவிடவும் முடியாது. பிறப்பைப் பார்த்து வேலை தரக்கூடாது என்பதுதானே அச்சட்டத்தின் சாரம்? 1969 டிசம்பரில் திட்டத்தை முடக்கும் தீர்மானம் செனட்டில் நிறைவேறியது, கீழவையில் தோற்றது. ஒப்பந்ததாரர் சங்கம் தொடுத்த வழக்கில் 1971-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் திட்டம் செல்லும் என்றது. உச்ச நீதிமன்றம் அதற்கு மேல் விசாரிக்க மறுத்தது.

வழக்கில் வென்றாலும் வேலையிடத்தில் வென்றதாகச் சொல்ல முடியாது. சில ஒப்பந்ததாரர்கள் தம்மிடம் இருந்த ஒரு சில கறுப்பினப் பணியாளரையே தனியார் வேலையிலிருந்து அரசு வேலைக்கு மாற்றிக் கணக்குக் காட்டினார்கள். சதுரங்கக் காய் நகர்த்துவது போலத்தான். அரசியலும் திசை மாறியது. நியூயார்க் கட்டடத் தொழிற்சங்கத் தலைவர் பீட்டர் பிரென்னனையே 1973-இல் நிக்சன் தொழிலாளர் துறைச் செயலராக்கினார். மேலிருந்து வந்த நெருக்குதல் தளர்ந்தது.

பெண்களின் முறை 1978-இல் வந்தது. அரசு ஒப்பந்தக் கட்டடப் பணிகளில் மொத்த வேலை நேரத்தில் 6.9 சதவீதமாவது பெண்களுடையதாக இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். அங்கே கட்டடக் கைத்தொழிலாளரில் பெண்கள் இன்றும் நூற்றுக்கு நாலு பேர் அளவில்தான். இவற்றுக்கெல்லாம் அடிப்படையாக இருந்த 11246-ஆம் எண் ஆணையை 2025 ஜனவரியில் டிரம்ப் ரத்து செய்துவிட்டார்.

நம் நாட்டில்

பிளெட்சர் திட்டம் வெளியான அதே 1969-இல், தில்லி ராஜ்காட் அருகே காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்கான கட்டட வேலை நடந்தது. வேலை செய்யும் தாய்மாரின் குழந்தைகள் புழுதியில் கிடப்பதைக் கண்ட மீரா மகாதேவன் அங்கேயே ஒரு கூடாரத்தில் குழந்தைகள் காப்பகம் தொடங்கினார். 'மொபைல் கிரெஷஸ்' என்ற அமைப்பு அப்படித்தான் பிறந்தது.

ஆக, அமெரிக்காவைப் போல நம் நாட்டில் பெண்களுக்கு வேலையிட வாசல் மூடியிருக்கவில்லை. கைக்குழந்தையோடு கூட அவர்கள் உள்ளே இருந்தார்கள். சுமை தூக்குபவராக மட்டும் இருந்தார்கள். 1976-இல் சம ஊதியச் சட்டம் வந்தது; ஒரே மாதிரி வேலைக்கு ஒரே கூலி என்றது. பெண்ணைக் கொத்து வேலையே செய்ய விடாதபோது 'ஒரே மாதிரி வேலை' என்ற பேச்சு எங்கிருந்து எழும்? தமிழ்நாட்டில் 1982-இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டமும், 1994-இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியமும், 1996-இல் மத்தியச் சட்டமும் வந்தன. உதவித்தொகை, ஓய்வூதியம் என்று இவற்றால் நன்மை உண்டு. ஆனால் கரண்டி கை மாறவில்லை.

மாறிய இடங்களும் இல்லாமல் இல்லை. அகமதாபாதில் 'சேவா' அமைப்பு பெண்களுக்குக் கட்டடக் கைத்தொழில் கற்பிக்க ஒரு பள்ளி நடத்தியது. 2014-இல் தூய்மை இந்தியா இயக்கம் தொடங்கிய பின், ஜார்கண்ட் கிராமங்களில் கழிப்பறை கட்டப் போதிய ராஜ்மிஸ்திரிகள் கிடைக்கவில்லை. சுய உதவிக் குழுப் பெண்களுக்குப் பயிற்சி தந்து பார்த்தார்கள். அவர்கள் கட்டினார்கள். ஊரே அவர்களை 'ராணி மிஸ்திரி' என்று அழைக்கத் தொடங்கியது. சரிப்பட்டு வராது என்ற பழைய பேச்சுக்கு அந்தச் சுவர்களே பதில்.

இரண்டு கதைகளிலும் ஒன்றைக் கவனியுங்கள். கதவைத் திறக்க வைத்தது வேலைக்குப் பணம் கொடுத்தவர்; இரண்டு இடத்திலும் அது அரசு. பிலடெல்பியாவில் பணம் கொடுத்தவர் கேட்பதைத் தளர்த்தியதும், திறந்த கதவு பாதியிலேயே நின்றுவிட்டது.

நம் குடியிருப்புச் சங்கங்களும் பணம் கொடுப்பவைதானே? பூச்சு வேலைக்கும் மராமத்துக்கும் லட்சக்கணக்கில் ஒப்பந்தம் போடுகிறோம். சிமெண்ட் எந்தக் கம்பெனி, எத்தனை வருஷம் உத்தரவாதம் என்றெல்லாம் துருவிக் கேட்கிறோம். அந்தக் கூட்டத்திலேயே, "உங்களிடம் சட்டி சுமக்கும் பெண்களில் ஒருவருக்காவது மிஸ்திரி வேலை பழக்குவீர்களா, அதற்கேற்ற கூலியும் தருவீர்களா?" என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேட்டால் என்ன? முதலில் சிரிப்பார்கள். இரண்டாவது ஒப்பந்தத்திலும் கேட்டால், யோசிப்பார்கள்.